அக்கரையிலிருந்து கேட்டார்கள்

கடலைத் தாண்டிவிட்டால் வழக்கும் போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்றால் அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர். அப்பா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் மீசை முளைக்காத வயதிலேயே கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சேர்ந்தான். அவன் உழைப்பில்தான் தங்கச்சி நான் நாசரேத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்தேன்.

நாடு விடுதலையாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. அக்கரையிலும் வெள்ளைக்காரன் அப்போதுதான் கொடியை இறக்கியிருந்தான். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுக்களையில் அண்ணன் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தான். வருகிறேன் என்று ஒரு கடிதம் இல்லை, கையில் பெட்டி இல்லை. கொப்பரை ஏற்றிவந்த தோணியில் வந்து இறங்கியிருந்தான். அம்மா என்னைப் பார்த்து, கதவைச் சாத்து என்று மட்டும் சொன்னாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுத் தெருக்கதவைச் சாத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நடந்ததை அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடையின் சரக்குக் கிட்டங்கியில் கூட வேலைபார்த்த ஒருவனோடு வாய்த் தகராறு வந்திருக்கிறது. அவன் எங்கள் அம்மாவை இழுத்துப் பேச, இவன் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அடுக்கிவைத்த மூட்டைகளின் மேலிருந்து அவன் கல்தரையில் மண்டை அடிபட விழுந்தான். பொழுது விடிவதற்குள் ஆள் போய்விட்டான். அண்ணன் துறைமுகத்துக்கு ஓடி, தெரிந்த தோணிக்காரர்கள் காலைப் பிடித்து ஏறி வந்துவிட்டான். தள்ளியதோடு சரியா என்று நான் கேட்டேன். தள்ளினது மட்டும்தான் என்றான். என் அண்ணன் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அம்மாவுக்கு அழுகையை விட நிம்மதிதான் அதிகம். கொழும்பில் கடனை வைத்துவிட்டு வந்தவர்கள், பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தவர்கள், கணக்கைத் தின்றுவிட்டு வந்தவர்கள் என்று எங்கள் பக்கத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் தேடி வந்ததில்லை. போதாக்குறைக்குப் படித்த முட்டாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கார் வேறு, தேசம் வேறு, அங்கே உள்ள போலீசுக்கு இங்கே என்ன வேலை என்று பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடம் நடத்துவதுபோல எடுத்துச் சொன்னேன். அம்மா தலையாட்டிக் கேட்டாள்.

அண்ணன் கடற்கரையில் ஒரு சங்கு கிட்டங்கியில் கணக்கெழுதப் போனான். சங்கை அழுகவிட்டுச் சதையை எடுக்கும் இடம். அந்த நாற்றம் அவன் சட்டையிலேயே வீட்டுக்கு வரும், எத்தனை வெளுத்தாலும் போகாது. ஆனால் அந்த நாற்றத்துக்குப் பயந்து வெளியாட்கள் யாரும் அங்கே போகமாட்டார்கள் என்பதால் அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் அண்ணன் சிரிக்கவும் ஆரம்பித்தான். அவனுக்கு ஆத்தூர்ப் பக்கம் பெண் பார்க்கலாமா என்றுகூட அம்மா பேச்செடுத்தாள்.

பிறகு கச்சான் காற்று பிடித்தது. மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று நின்றால்தான் எங்கள் ஊரில் மனுஷனுக்கு மூச்சு வரும். அந்த நாட்களில்தான் சங்கு குளிக்கும் ஆட்கள் அண்ணனிடம் வந்து, அக்கரைப் பேச்சுப் பேசுகிற ஒருவன் கடற்கரையில் தோணிக்காரர்களிடம் ஏதோ விசாரித்துக்கொண்டு திரிகிறான் என்று சொன்னார்கள். அவன் யாரையும் மிரட்டவில்லையாம். எல்லோருக்கும் பீடி கொடுத்தானாம். மிரட்டுகிறவனை எங்கள் ஊர் ஆட்கள் கண்ட இடத்திலேயே அனுப்பிவிடுவார்கள், பீடி கொடுக்கிறவனிடம் பேசாமல் இருக்க அவர்களுக்குத் தெரியாது.

விளாத்திகுளத்துக்கு மேலே கரிசல் காட்டில் அம்மாவின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே போய்விடு என்று நான் சண்டை போட்டேன். ஓடினால்தான் சந்தேகம் வரும் என்று அம்மா தடுத்தாள். நாங்கள் இருவரும் வாதாடி முடிப்பதற்குள் போலீஸ் சங்கு கிட்டங்கிக்குள் போய்விட்டது. அண்ணன் கை நாற்றம் போகக் கழுவிவிட்டு வருகிறேன் என்று கேட்டானாம், அதற்கு விட்டார்களாம், பிறகு பிடித்துக்கொண்டு போனார்களாம்.

எங்கள் வக்கீல் நல்ல மனுஷர். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய வக்கீலை நான் அவருக்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவர்தான் எங்கள் நம்பிக்கையில் முதல் மண்ணை அள்ளிப் போட்டார். கடலைத் தாண்டினவனைக் கேட்டு வாங்குவதற்கென்றே சட்டம் இருக்கிறது என்றார். அந்நிய நாடாக இருந்தால் இரண்டு சர்க்காரும் முன்கூட்டியே உடன்படிக்கை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எந்தெந்தக் குற்றத்துக்கு ஆளைக் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு நாட்டிலும் அது குற்றமாக இருக்க வேண்டும். அரசியலுக்காகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கேட்ட குற்றத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்கு விசாரிக்கக் கூடாது. காரைக்காலில் உள்ள பிரெஞ்சுக்காரனோடு அப்படித்தான். ஆனால் இங்கேயும் இலங்கையிலும் இருந்தது ஒரே வெள்ளைக்காரன். தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடினவனைப் பிடிக்க அவனுக்கு உடன்படிக்கை எதற்கு? அதற்கு அவன் தனியாகச் சுருக்கமான ஒரு சட்டம் போட்டிருந்தான். ஆள் போனாலும் சட்டம் போகவில்லை என்றார் வக்கீல்.

நான் கேட்டேன், அண்ணன் தள்ளினது மட்டும்தான், கொலை இல்லை என்று இங்கே கோர்ட்டில் சொல்லலாமே என்று. அவர் மேசையைப் பார்த்தார். இங்கே அதைக் கேட்கமாட்டார்கள் என்றார். குற்றம் செய்தானா இல்லையா என்பது அக்கரைக் கோர்ட்டின் வேலை. இங்கே இருக்கிற மாஜிஸ்திரேட் பார்ப்பது, அனுப்புகிற அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும். அதற்குச் சாட்சிகள்கூட வரவேண்டியதில்லை. அங்கே ஒரு நீதிபதி முன் அவர்கள் சொன்னதை எழுதி, முத்திரை குத்தி அனுப்பினால் போதும். காகிதம் சாட்சி சொல்லும், காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

அந்தக் காகிதங்களில், அண்ணன் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியால் அடித்தான் என்று மூட்டை தூக்க வந்த வெளிக் கூலியாட்கள் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். கொக்கி என்ற வார்த்தையை வக்கீல் படித்தபோது அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். யாரிடம் ஆட்டுவது? சொன்னவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. வாரண்டில் இருந்தது அண்ணனின் பெயர் இல்லை. கடையில் ஏற்கெனவே அதே பெயரில் இன்னொருவன் இருந்ததால், முதலாளி இவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார். கொழும்பில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். போட்டோ கிடையாது. கூண்டில் நிற்பவன்தான் வாரண்டில் உள்ளவன் என்று கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு. கொழும்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், அந்தப் பீடி கொடுத்தவர், அண்ணனை முன்பின் பார்த்தவர் இல்லை, காகிதத்தில் பேசிய இரண்டு பேரையும் கூட்டிவரவில்லை. கடைப் பையன்கள் எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள், ஒருவனும் வாயைத் திறக்கமாட்டான். மிச்சம் முதலாளி ஒருவர்தான், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். அவர் அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு வந்திருந்தார், கையோடு அவருக்குச் சம்மனும் வந்தது.

அவருக்குத் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் வீடு. திருநெல்வேலி ரோட்டில் போகிற எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரியான வீடு. அவர் விபூதி பூசுகிறவர், நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். ஆனாலும் தூரத்துச் சொந்தம் உண்டு, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு. அம்மாவும் நானும் போய் அவர் முன்னால் நின்றோம். அம்மா காலில் விழப் போனாள். அவர் பதறி எழுந்து தடுத்தார். நான் வளர்த்த பிள்ளையை நானே காட்டிக்கொடுப்பேனா என்று அவர் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"நீ வீட்டுக்குப் போ ளா. அங்கன எவன்னே தெரியாதுன்னு சொல்லிருதேன். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

சத்தியப்பிரமாணம் எடுத்துப் பொய் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதற்காக ஒரு நிமிஷம்கூட வெட்கப்படவில்லை. காகிதம் கடல் தாண்டி வந்து பொய் சொல்லலாம், எங்கள் அண்ணாச்சி சொல்லக்கூடாதா என்றுதான் தோன்றியது.

சப் ஜெயிலில் அண்ணனைப் பார்த்து எல்லாம் சொல்லிவைத்தேன். அண்ணாச்சி வருவார்கள், நீ தலையைத் தூக்காதே, முகத்தைப் பார்க்காதே, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் சரி சரி என்றான். அண்ணாச்சி உடம்புக்கு எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

கோர்ட்டு நாளன்று அம்மா அவனுக்கு வெளுத்த வேட்டி சட்டையும் தோளில் போட்டுக்கொள்ள ஒரு புதுத் துண்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். கடைச் சிப்பந்தி மாதிரித் தெரியக்கூடாது, நாலு பேர் மதிக்கிற ஆள் மாதிரித் தெரியவேண்டும் என்பது அவள் கணக்கு. அதுவும் பலித்தது. கூண்டில் நின்ற அண்ணனைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. வெளியே காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

முத்திரை போட்ட காகிதங்களையெல்லாம் சர்க்கார் வக்கீல் முதலிலேயே படித்து முடித்துவிட்டார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டார்கள். அண்ணன் நான் சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு பிரமாணம் எடுத்தார். அண்ணன் நிமிரவில்லை. ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்ததும், அவன் வலது கை மேலே போய், தோளிலிருந்த துண்டை எடுத்து, மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

முதலாளி முன்னால் கடையில் நிற்கிற எவனும் தோளில் துண்டோடு நிற்கமாட்டான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, சேர்ந்த மறுநாளே வந்துவிடும். எத்தனையோ வருஷமாக, அண்ணாச்சியின் செருமல் கேட்டபோதெல்லாம் போன கை அது. நான் அவன் வாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன், கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பு இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. சர்க்கார் வக்கீல் மதராஸ்காரர், அவருக்கும் ஒன்றும் படவில்லை. கூண்டில் இருப்பவனைத் தெரியுமா என்று அவர் கேட்டார். முதலாளி நேராகப் பார்த்து, இவனை நான் பார்த்ததே இல்லை, இவன் என் கடையில் வேலைபார்த்தவன் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அதை மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சர்க்கார் வக்கீல் வேறு வழியில்லாமல் உட்காரப் போனார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அவர் நம்முடைய திருநெல்வேலிச் சீமைக்காரர், பக்கத்தில் ஏதோ ஓர் ஊர். வெள்ளைக்காரன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், வெக்கைக்குத் துண்டை எடுத்தான் என்று நினைத்து அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருப்பான். நம்மவர் வரவேண்டும் என்றுதானே கொடி பிடித்தோம். நம்மவர் இங்கிலீஷை விட்டுவிட்டு, மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாகவே அண்ணனிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, இப்ப எதுக்குத் துண்டை எடுத்தே?"

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்து, என் கட்சிக்காரர் இதற்குப் பதில் சொல்லவேண்டியதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பதும் அவனுக்கு மரியாதைக் குறைவுதான்.

"அண்ணாச்சி நிக்காவல்லா ஐயா. துண்டு போட்டுக்கிட்டு நிக்கலாமா?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். கோர்ட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, கடைசியாக இன்ஸ்பெக்டருக்கும் யாரோ சொல்லிப் புரிந்தது. அண்ணன் மட்டும், தான் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியாமல் என்னைத் தேடிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் தாங்கமாட்டாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உத்தரவு வந்தது. ஆள் அடையாளம் சரி, முகாந்திரம் இருக்கிறது, அக்கரைக்கு அனுப்பலாம். பதினைந்து நாளைக்கு அனுப்பமாட்டார்கள், அதற்குள் மதராஸ் ஹைகோர்ட்டுக்கு மனுப் போட உரிமை உண்டு என்று மாஜிஸ்திரேட்டே அண்ணனுக்குத் தமிழில் விளக்கினார். பிறகு முதலாளியைப் பார்த்து, உங்கள் சாட்சியத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வக்கீல் இன்னும் தைரியமாகத்தான் இருந்தார். ஹைகோர்ட்டில் சொல்ல அவரிடம் ஒரு வாதம் இருந்தது. ஒரே வீடாக இருந்தபோது போட்ட சட்டம், இப்போது இரண்டு வீடு ஆகிவிட்டது. இரண்டு சுதந்திர சர்க்கார்கள் உட்கார்ந்து புதிதாக உடன்படிக்கை எழுதாமல் ஒருவர் ஆளை மற்றவர் எப்படிக் கேட்கலாம்? ஜெயிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கேட்கவேண்டிய கேள்வி என்றார். அந்தப் பழைய சட்டம் இனிச் செல்லாது என்று மேல் கோர்ட்டுகள் சொல்லச் சில வருஷங்கள் ஆயின. அதைப் பேப்பரில் படித்த அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அண்ணன் வக்காலத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டான். சப் ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ரொம்பப் பொறுமையாக எனக்குக் காரணம் சொன்னான். வழக்கு மேலே போனால் எல்லாக் காகிதமும் மேலே போகும். அண்ணாச்சி சொன்ன பொய்யும் அதோடு போகும். அவர்களையும் இழுத்து உள்ளே வைப்பார்கள்.

"எனக்காண்டி வந்து நின்னாவ ளா. அவுகள நான் கோர்ட்டுக்கு இழுத்தேன்னு பேரு வேண்டாம். தள்ளுனேன்னு அங்கன போயிச் சொல்லுதேன். கேக்கமாட்டாவளா?"

கேட்கமாட்டார்கள் என்று நான் கத்தினேன். கொக்கி என்று எழுதியிருக்கிறது என்று கத்தினேன். வார்டர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் புதுக்கோட்டைக்குப் போனேன், இந்தத் தடவை அம்மா இல்லாமல். முதலாளியிடம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவான், எனக்கு வருகிறது வரட்டும், நீ மேலே போ என்று சொல்லியனுப்புங்கள் என்றேன். உள்ளேயிருந்து யாரோ தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். அவர், கொழும்பில் பெரிய பாரிஸ்டராகப் பார்த்து அமர்த்துகிறேன், செலவு என்னுடையது என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்றேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்குல்லா."

நான் அவரை வெறுத்தேன். கெட்டவராக இருந்திருந்தால் அவ்வளவு வெறுத்திருக்கமாட்டேன். மனுஷருக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்துக்குத் தன் மகனைப்போல வளர்த்த ஒருவனின் மரியாதையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார். பலகாரத்தைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பதினைந்து நாளும் காற்று நிற்கவில்லை. எங்கள் துறைமுகத்தில் ஆழம் கிடையாது, கப்பல் தூரத்திலேயே நிற்கும், படகுகள்தான் போய்வரும். கடலில் கப்பல் சங்கு ஊதினாலே அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். கெடு முடிந்ததும் அந்தக் கப்பலும் வந்தது. படகுத் துறைப் பாலத்தடியில் எங்கள் போலீஸ்காரர் காகிதத்தையும் அண்ணனையும் கொடுத்தார், இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் சாமான்களைக் கைமாற்றுவதும் அப்படித்தான். அண்ணன் படகில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனான். அழவில்லை.

கொழும்பில் ஜூரி வைத்து விசாரித்தார்கள். பாரிஸ்டர் வந்தார், நன்றாகவே பேசினார் என்று சொன்னார்கள். அண்ணன் தள்ளினேன் என்றான், சாட்சிகள் கொக்கி என்றார்கள். அவன் தோணியேறி ஓடியதையும் பொய்ப்பெயரில் ஒளிந்ததையும் சர்க்கார் தரப்பு ஜூரிக்கு எடுத்துச் சொன்னது. பொய்ப்பெயர் என்று அவர்கள் சொன்னது நாங்கள் அவனுக்கு வைத்த பெயரை. தூக்குத் தண்டனை கொடுத்தார்கள், கருணை மனுவைத் தள்ளினார்கள், நிறைவேற்றினார்கள். எங்களுக்குத் தகவல் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஜெயில் வளாகத்துக்குள்ளேயே புதைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா அன்று அழுது முடித்து, முகம் கழுவி, சேலை மாற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. ஆறுதல் கேட்க அவள் வரவில்லை, சட்டம் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"அவிய கேட்டாவ, நாம குடுத்தோம். இப்ப அவன நாம கேக்கோம். குடுப்பாவளா?"

வக்கீல் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். உயிரோடு இருக்கிறவனைக் கேட்டு வாங்கத்தான் சட்டம், உடன்படிக்கை எல்லாம். செத்தவனைக் கேட்டு வாங்க எந்த நாடும் எந்த நாட்டோடும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்று சொன்னார். அம்மாவுக்கு அது புரியவில்லை. சட்டம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுதானே என்று, குரலை உயர்த்தாமல், அதையே மறுபடியும் கேட்டாள்.